கடல் மீனும் மலைக் குளிரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடல் மீன் வளர்க்கிறதப் பத்தி கொஞ்சமா எழுதினதுக்கு நிறையக் கடிதம் வந்திருக்கு, முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறது நோயைப் பத்தித்தான், அதனால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே விட்டுட்டேன். கொழும்புல வளர்க்கிறவங்களுக்குச் சொல்ற வைத்தியத்த அப்படியே மலையில செஞ்சா சரிவராது, நம்ம குளிரும் உயரமும் கணக்கையே மாத்திரும். அதையும் சேத்துத்தான் பதில் எழுதியிருக்கேன்.

ஹட்டன்லருந்து ஒரு தம்பி: அண்ணா, என்னோட பவுடர் ப்ளூ மீன் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துச்சி, நாலஞ்சு நாள்ல தானாவே போயிருச்சி, சந்தோசமா இருந்தேன், ரெண்டு கிழமைக்குப் பிறகு முன்னைய விட அதிகமா வந்து இப்ப க்ளவுன் மீன் மேலயும் இருக்கு. ஹீட்டர் இல்ல, தண்ணி 20, 21ல நிக்கிது. 30க்கு ஏத்தினா சரியாகும்னு கடையில சொல்றாங்க, ஏத்தவா?

தம்பி, ஏத்தாதீங்க. அந்த வைத்தியம் நல்ல தண்ணி மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளிக்கு, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது வேற பூச்சி. கடல் மீனுக்கு வர்றது கிரிப்டோகாரியன், சூடான கடல்லயே வாழ்ந்து பழகின ஜாதி, 30 டிகிரி அத ஒண்ணும் செய்யாது, மீனுக்குத்தான் மூச்சு முட்டும்.

புள்ளி தானா போச்சு, திரும்ப வந்துச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் இந்த நோயோட முழுக் கதையும். பூச்சி மீன் தோலுக்குள்ள 3லருந்து 7 நாள் வரைக்கும் இருந்து தின்னு பெருசாகும், அப்பதான் நமக்குப் புள்ளி தெரியிது. பிறகு மீன விட்டு இறங்கி மணல்லயோ கல்லுலயோ ஒட்டி, தன்னைச் சுத்தி ஒரு கூடு கட்டிக்கிட்டு உள்ளேயே பிரிஞ்சு பிரிஞ்சு பெருகுது, ஒரு கூட்டுலருந்து நூத்துக்கணக்குல குஞ்சு வெளிய வரும். அந்தக் குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கணும், கிடைக்கலன்னா செத்துரும். ஆனா கூடு எப்ப வெடிக்கும்கிறது ஒரே மாதிரி இல்ல, 3 நாள்லயும் வெடிக்கும், 72 நாள் வரைக்கும் இழுத்ததாவும் ஆய்வுல பதிவாகியிருக்கு. தண்ணி குளிரா இருந்தா எல்லாமே மெதுவாகும். உங்க 20 டிகிரித் தண்ணியில ரெண்டு கிழமை ஒரு புள்ளியும் தெரியாம இருந்துச்சே, அது நோய் போன காலம் இல்ல, கீழ கூட்டுக்குள்ள பெருகிக்கிட்டு இருந்த காலம். மலையில கடல் மீன் வளர்க்கிற நம்மாளுங்க ஏமாறுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான், அதனாலதான் இத இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

இப்ப செய்ய வேண்டியது. இருக்கிற மீன் எல்லாத்தையும், புள்ளி இல்லாத மீனையும் சேத்து, வேற தொட்டிக்கு மாத்துங்க. ஒண்ண விட்டு வெச்சாலும் பூச்சிக்கு அந்த ஒண்ணு போதும். அந்தத் தொட்டியில மணலும் வேணாம் கல்லும் வேணாம், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மீன் ஒளிய ரெண்டு மூணு பிவிசி பைப் துண்டு, ஒரு ஹீட்டர், அவ்வளவுதான். தண்ணி 26 டிகிரியில அசையாம நிக்கணும். பெரிய தொட்டியில இறால், நத்தை, பவளம் எல்லாம் இருக்கலாம், மீன் மட்டும் 76 நாளைக்கு இருக்கக் கூடாது, அங்கயும் ஹீட்டர் போட்டு 26, 27ல வைங்க, குளிர விட்டா அந்த 76 நாளும் போதாமப் போகும்.

மீனுக்கு மருந்து என்னன்னா, காப்பர், அதாவது செம்பு மருந்து போடலாம், அது அடுத்த கேள்வியில வருது. காப்பரும் டெஸ்ட் கிட்டும் கையில இல்லைன்னா மருந்தே இல்லாம ஒரு வழி இருக்கு. ரெண்டு பிளாஸ்டிக் பெட்டிய எடுத்து, 3 நாளைக்கு ஒருக்கா மீன ஒரு பெட்டியிலருந்து புதுத் தண்ணி ஊத்தின அடுத்த பெட்டிக்கு மாத்துங்க, 72 மணித்தியாலம் தாண்டவிடாம, மொத்தம் 4 தடவை. பூச்சி மீன விட்டு இறங்கிக் கூடு கட்டும், அந்தக் கூடு வெடிக்கிறதுக்குள்ள மீன் அங்கருந்து கிளம்பிருச்சு, கணக்கு அதுதான். பழைய பெட்டி, ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்லு), பைப், வலை எல்லாத்தையும் கழுவி நல்லாக் காய வெச்சாத்தான் கூடு சாகும், நம்ம பக்கம் மிஸ்ட் இறங்கின நாள்ல எதுவும் காயாதுன்னு உங்களுக்கே தெரியும், அதனால கொதி தண்ணி ஊத்திக் கழுவி அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காய வைங்க. உப்புத் தண்ணிதான் இதுல செலவு, 20 லீட்டர் பெட்டியா இருந்தா சமாளிக்கலாம். ஆனா ஒண்ணு, இந்த முறை வெள்ளைப் புள்ளிக்கு மட்டும்தான்.

தலவாக்கலை: தேயிலையில கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து எங்க வீட்டுல இருக்கு. மீனுக்கும் செம்புதான் மருந்துன்னு சொல்றாங்களே, அதுல கொஞ்சம் கரைச்சுப் போடலாமா?

போடவே கூடாது. கேட்டுட்டுச் செய்யலாம்னு எழுதினீங்களே, அதுக்கு நன்றி.

கொப்புள நோய் 1946ல இங்க வந்ததுலருந்து தோட்டத்துல செம்பு மருந்து அடிக்கிறாங்க, ஆனா அது இலை மேல படிஞ்சு நிக்கிறதுக்காகச் செஞ்ச, தண்ணியில சரியாக் கரையாத தூள், கூடவே ஒட்டுறதுக்கும் பரவுறதுக்கும் வேற சாமானும் கலந்திருக்கும். தொட்டியில போட்டா எவ்வளவு கரைஞ்சிருக்கு, எவ்வளவு அடியில கிடக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, இன்னைக்குக் குறைவா இருக்கும், நாளைக்குக் கூடி மீனக் கொன்னுரும்.

காப்பர் வைத்தியம்னாலே அளவுதான். சாதாரண காப்பர் சல்ஃபேட்ல செஞ்ச மீன் மருந்துன்னா தண்ணியில 0.15லருந்து 0.20 பிபிஎம் (லீட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), அதுக்குக் குறைஞ்சா பூச்சி சாகாது, கூடினா மீன் சாகும், இடைவெளி அவ்வளவு சின்னது. கீலேட்டட் காப்பர்னு (செம்ப வேற பொருளோட பிணைச்சு வெச்சது) இன்னொரு வகை இருக்கு, அதோட அளவு 1.5 பிபிஎம்முக்கு மேல போகும், போத்தல்ல என்ன போட்டிருக்கோ அதைத்தான் பார்க்கணும், ஒண்ணோட அளவ மற்றதுக்குப் போட்டா முடிஞ்சுது. எந்த வகை மருந்தோ அந்த வகைக்கு ஏத்த டெஸ்ட் கிட் வேணும். ஒரே நாள்ல முழு அளவுக்குக் கொண்டு போகாம 3, 4 நாள்ல ஏத்துங்க, ஏத்தின பிறகு 30 நாள் விடாமப் பிடிச்சு வைங்க, தினமும் டெஸ்ட் பண்ணுங்க. நடுவுல ஒரு நாள் அளவு இறங்கினாலும் திரும்ப ஒண்ணாம் நாள்லருந்துதான் எண்ணணும்.

30 நாள் எதுக்குன்னா, காப்பர் கொல்றது தண்ணியில நீந்துற குஞ்ச மட்டும்தான். தோலுக்குள்ள இருக்கிறதையும் தொடாது, கூட்டுக்குள்ள இருக்கிறதையும் தொடாது, எல்லாம் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

பவளம், இறால், நத்தை இருக்கிற தொட்டியில காப்பர் ஒரு துளியும் விழக் கூடாது, எல்லாம் செத்துரும், கல்லும் மணலும் செம்ப உறிஞ்சி வெச்சுக்கிட்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமா விடும். இதோட சம்பந்தப்பட்ட இன்னொண்ணும் சொல்லிருறேன், உங்க வீட்டுக்கு வர்ற பீலித் தண்ணி (மலை ஊத்துத் தண்ணி) மருந்தடிக்கிற மலைக்குக் கீழ இருந்து வர்றதா இருந்தா அதுலயே செம்பு இருக்க வாய்ப்பிருக்கு. மீன் நல்லா இருக்கு, இறால் மட்டும் செத்துச் செத்துப் போகுதுன்னா முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

நுவரெலியாவிலருந்து ஒரு அக்கா: ஜோடி க்ளவுன் வாங்கி ஒரு கிழமைதான் ஆச்சு, உடம்பு முழுக்க வெள்ளையா சளி மாதிரி படிஞ்சு தோல் உரியுது, சாப்பாடு எடுக்கல, வாய் தண்ணி மட்டத்துல. காப்பர் போட்டேன், ஒண்ணுமே மாறல.

அக்கா, நீங்க சொல்றது ப்ரூக்லினெல்லா மாதிரித்தான் இருக்கு, க்ளவுன் மீனுக்கு அதிகமா வர்றதால அதுக்கு க்ளவுன் நோய்னே பேர். இதுக்குக் காப்பர் வேலை செய்யாது, அதுல இனி ஒரு நாளும் வீணாக்காதீங்க, இது நாள் கணக்குல கொல்ற நோய். பள்ளிக்கூடத்துல சயன்ஸ் லேப் மைக்ரோஸ்கோப் பார்க்கக் கிடைச்சா சளியில கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில வெச்சுப் பாருங்க, அவரை விதை வடிவத்துல வழுக்கிக்கிட்டுப் போற உயிர் தெரிஞ்சா சந்தேகமே வேணாம்.

மருந்து ஃபோமலின். 37 சதவீத ஃபோமலின்ல 10 லீட்டர் கடல் தண்ணிக்கு 1.5 மில்லி, மீன அதுல 30 நிமிசம் விடுங்க, நல்லாத் தாங்கினா 60 நிமிசம் வரைக்கும் போகலாம், ஏர் ஸ்டோன் பலமா ஓடணும் ஏன்னா ஃபோமலின் தண்ணியில இருக்கிற ஒட்சிசனக் குறைக்கும். பக்கத்துலயே இருங்க, மீன் சாஞ்சா உடனே எடுத்து நல்ல தண்ணிக்கு, அதாவது மருந்து இல்லாத கடல் தண்ணிக்கு மாத்துங்க. எடுத்த மீனப் பழைய தொட்டிக்கே திரும்ப விடாதீங்க. தேவைப்பட்டா ஒரு நாள் விட்டுத் திரும்பச் செய்யலாம்.

நுவரெலியான்னபடியா முக்கியமா ஒண்ணு: ஃபோமலின் போத்தல் குளிர்ல இருந்தா அடியில வெள்ளையா மா மாதிரி படியும். தை மாசி உறைபனிக் காலத்துல ஸ்டோர் ரூம்ல வெச்ச போத்தல்ல இது நடக்கும். அந்த வெள்ளைப் படிவு மீனுக்கு இன்னும் மோசமான விசம், குலுக்கிக் கலந்துட்டுப் பாவிக்கலாம்னு நினைக்காதீங்க, அந்தப் போத்தலே வேணாம். உங்க உடம்பையும் பாத்துக்கோங்க அக்கா, ஃபோமலின் புற்றுநோய் வர வைக்கக் கூடிய சாமான், கையுறை போட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வெச்சு, பிள்ளைகள வெளிய அனுப்பிட்டுச் செய்ங்க. குளிருதுன்னு கதவ மூடிட்டுச் செய்ற வேலை இல்ல இது.

பண்டாரவளை: ராத்திரி நல்லா இருந்த மீன், காலையில ரெண்டு செத்துக் கிடக்கு, மத்ததெல்லாம் மூச்சு வேகமா வாங்கிக்கிட்டு பம்ப் பக்கத்துலயே நிக்கிது. புள்ளி ஒண்ணும் பெருசாத் தெரியல, டோர்ச் அடிச்சுப் பார்த்தா பொடி தூவின மாதிரி ஒரு மஞ்ச மினுக்கம்.

இது வெல்வெட், பூச்சி பேர் அமிலூடினியம், இந்தப் பக்கத்துல நான் எழுதுற நோயெல்லாத்துலயும் வேகமானது. முதல்ல செவுளத் தின்னும், அதனாலதான் தோல்ல பெருசா ஒண்ணும் தெரியிறதுக்கு முன்னாடியே மீன் சாகுது. உப்பக் குறைக்கிற வைத்தியம் இதுக்கு வேலைக்காகாது, உப்பு கம்மியான தண்ணியிலயும் இது நல்லா வாழும்.

இன்னைக்கே எல்லா மீனையும் வேற தொட்டிக்கு எடுங்க. மாத்தும்போது 5 நிமிசம் நல்ல தண்ணிக் குளிப்பு குடுத்தா செவுள்ல இருக்கிறதுல கொஞ்சம் விழுந்து மூச்சுக்கு லேசாகும் (எப்படிங்கிறது அடுத்த பதில்ல), பிறகு மேல சொன்ன அளவுல காப்பர். வெள்ளைப் புள்ளிக்கு மெதுவா ஏத்தச் சொன்னேன், இதுக்கு அவ்வளவு நேரம் இல்ல, ரெண்டு நாளுக்குள்ள அளவுக்குக் கொண்டு வாங்க. க்ளோரோகுயின் மருந்தும் கேக்கும்தான், ஆனா வீட்டுல அதோட அளவ டெஸ்ட் பண்ண வழியில்லாததால நான் காப்பர் பக்கம்தான். பெரிய தொட்டி 6 கிழமை மீன் இல்லாம இருக்கணும்.

இப்ப உயரத்தோட கதைக்கு வர்றேன், இத யாரும் நம்மகிட்டச் சொல்றதில்ல. 26 டிகிரிக் கடல் தண்ணியில கடற்கரையில ஒரு லீட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவுக்கு ஒட்சிசன் கரையும். உயரம் போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையிது, அதே அளவுல இதுவும் குறையிது. பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல, அங்க அதிகபட்சமே 5.7 கிட்ட, நுவரெலியா 1,868 மீட்டர், அங்க 5.3 கிட்ட. மலைத் தண்ணி குளிரா இருக்கும்போது இது தெரியாது, ஏன்னா குளிர்ந்த தண்ணி ஒட்சிசன அதிகமாப் பிடிச்சுக்கும். ஹீட்டர் போட்டு 26க்குக் கொண்டு வந்த உடனே உயரத்தோட குறை அப்படியே வெளிய தெரியும். அதுக்கு மேல செவுள் அரைவாசி போன மீனுன்னா எப்படித் தாங்கும்? அதனால மருந்துத் தொட்டியில ஒரு ஏர் ஸ்டோன் போதும்னு புத்தகத்துல இருந்தா நம்ம பக்கம் ரெண்டு போடுங்க, கரண்ட் போனா ஓடுறதுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம் வீட்டுல இருக்கணும், காத்து மழை நாள்ல லைன் எப்ப போகும்னு சொல்ல முடியாதே.

பதுளை: கண்ணு வெள்ளையாப் போயிருக்கு, மீன் கல்லுல உரசிக்கிட்டே இருக்கு. நல்ல தண்ணியில முக்கினா சரியாகும்கிறாங்க, கடல் மீனு செத்துராதா?

பயப்பட வேணாம், சரியாச் செஞ்சா பெரும்பாலான மீன் 5 நிமிசம் தாங்கும். உங்க மீனுக்கு இருக்கிறது தட்டைப் புழுவா இருக்கலாம், கண்ணாடி மாதிரி நிறமே இல்லாம தோல்லயும் கண்ணுலயும் ஒட்டியிருக்கும், அதான் கண்ணுக்குத் தெரியல. நல்ல தண்ணியில போட்டா வெள்ளையா மாறி உதிரும், கறுப்பு நிறப் பாத்திரத்துல செஞ்சா அடியில விழுறது நல்லாத் தெரியும், நோய் இதுதானான்னு அப்பவே உறுதியாயிரும்.

பீலித் தண்ணியில குளோரின் இருக்காது, அது நல்லது, டவுன் பைப் தண்ணின்னா ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓட விட்டு குளோரின் போக்குற மருந்தும் போட்டுக்கோங்க. ஆனா மலைத் தண்ணி மென்மையான தண்ணி, அதோட பிஎச் (புளிப்பு, காரத் தன்மையோட அளவு) கடல் தண்ணிய விட நல்லாக் குறைவா இருக்கும், அப்பச்சோடா கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுத் தொட்டியில இருக்கிற பிஎச்சுக்குக் கிட்டக் கொண்டு வாங்க. சூடும் தொட்டித் தண்ணி மாதிரியே இருக்கணும், பீலியிலருந்து பிடிச்ச கையோட மீன விட்டீங்கன்னா குளிர்லயே விறைச்சுப் போகும். மீன் முதல்ல ஒரு மாதிரி படுத்துக் கிடக்கும், அது வழக்கம்தான், துடிச்சு மூச்சு விடாம நின்னா உடனே எடுங்க.

குளிப்போட வேலை முடியல, செவுளுக்குள்ள இருக்கிறதெல்லாம் விழாது. ப்ராஸிகுவான்டெல் மருந்து லீட்டருக்கு 2.5 மில்லிகிராம் கணக்குல தனித் தொட்டியில போடணும். முட்டைய மருந்து கொல்லாது, அது பொரிக்கிற நேரம் பார்த்து ஒரு கிழமையில திரும்பவும் போடணும், தண்ணி குளிரா இருந்தா பொரிக்கிறதும் பிந்தும், அங்கயும் 26 டிகிரிதான் உதவி. நாய்க்குக் குடுக்கிற பூச்சி மாத்திரையில இந்த மருந்து இருக்குன்னு யாராவது சொல்லுவாங்க, இருக்கு, ஆனா கூட வேற மருந்தும் கலந்திருக்கும், அத மீனுக்குப் போட வேணாம். மிருக வைத்தியர்கிட்டத் தனி மருந்தாக் கேளுங்க. கண்டி பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துல மிருக வைத்திய பீடம் இருக்கு, அங்க விசாரிச்சுப் பார்க்கலாம்.

மாத்தளை: உப்பக் குறைச்சு வெச்சாலே வெள்ளைப் புள்ளி போயிரும்னு சொல்றது உண்மையா?

உண்மைதான், ஆனா 1.009 ஸ்பெசிஃபிக் கிரவிட்டிக்கு (உப்பில்லாத தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) கொண்டு வந்து கடைசிப் புள்ளி போனதுலருந்து 30 நாள் அங்கயே வைக்கணும், 1.011ல நின்னா பலன் இல்ல. முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர நம்பி இதுல இறங்காதீங்க, அளவு பார்த்துச் சரி செஞ்ச ரிஃப்ராக்டோமீட்டர் (வெளிச்சத்த வெச்சு உப்பளவு காட்டுற கருவி) வேணும். இறக்க 2 நாள், திரும்ப ஏத்த ஒரு கிழமை. பிஎச் விழும், பார்த்துக்கிட்டே இருங்க. காப்பரோட சேத்துச் செய்யாதீங்க. இறாலும் பவளமும் இருக்கிற தொட்டிக்கு இது இல்ல.

கொட்டகலை: வெள்ளைப் புள்ளிக்கு வெள்ளைப்பூண்டுச் சாறு, க்ளீனர் இறால் (மீன் மேல இருக்கிற பூச்சியப் பொறுக்கித் தின்கிற இறால்), இது ரெண்டும் போதுமா? செட்டையில காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டியும் இருக்கு.

பூண்டு வாசத்துக்கு மீன் சாப்பிடலாம், நோய் போகாது. க்ளீனர் இறால் நம்ம கடல்லயே இருக்கிற அழகான உயிர், வளருங்க, ஆனா வெள்ளைப் புள்ளிப் பூச்சி தோலுக்கு உள்ள இருக்கு, இறாலால அத எடுக்க முடியாது. அந்தக் கட்டி லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ், மருந்து இல்ல, வெட்டவும் வேணாம், சுத்தமான தண்ணியும் நல்ல சாப்பாடும் இருந்தா மாசக் கணக்குல தானா உதிரும்.

நானுஓயா: கொழும்புலருந்து மீன் வாங்கிக்கிட்டு வரும்போது என்ன கவனிக்கணும்? வந்த உடனே தொட்டியில விடலாமா?

விடாதீங்க. முன்னாடி எழுதின பதில்ல இருக்கிற கஷ்டமெல்லாம் வீட்டுக்குள்ள வர்றது இந்த ஒரு வேலையிலதான், அதனால என்கிட்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லலாம்னா நான் இதைத்தான் எடுப்பேன். புது மீன் எதுவா இருந்தாலும் ஒரு மாசம் தனித் தொட்டியில இருக்கணும், 40 லீட்டர்த் தொட்டியே போதும், 26 டிகிரியில. குளிர்ல வெச்சா ஒரு மாசத்துல நோய் வெளிய காட்டாது, அப்ப அந்த ஒரு மாசமும் வீண். தனித் தொட்டி வலை, வாளி, குழாய் எதுவும் பெரிய தொட்டிப் பக்கம் போகக் கூடாது, கை ஈரமும்தான்.

வர்ற வழியில ரெஜிஃபோம் பெட்டிக்குள்ள பையை வெச்சு, சுத்திப் பேப்பர் அடைச்சு மூடுங்க, கினிகத்தேனை தாண்டினதுமே குளிர் இறங்க ஆரம்பிச்சிரும். கடையில பைய உப்பலா இறுக்கிக் கட்ட விடாதீங்க, கொழும்புல கட்டின பைக்குள்ள இருக்கிற காத்து நுவரெலியா உயரத்துக்கு வரும்போது கால்வாசி கூடும், முடிச்சு விட்டுப் போகும். கொஞ்சம் தளர்வாக் கட்டி ரெண்டு பை போடச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் மூடின பைய அப்படியே தனித் தொட்டியில மிதக்க விட்டுச் சூட்டச் சமப்படுத்துங்க. கடையில உப்பளவு எவ்வளவுன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கிட்டு தனித் தொட்டித் தண்ணிய அதுக்கே கொண்டு வந்து வைங்க, அப்ப பையத் திறந்த உடனே மீன எடுத்து விட்டுரலாம். திறந்து வெச்சுட்டு ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாத் தண்ணி விடுறது நீண்ட பயணம் வந்த மீனுக்கு நல்லதில்ல, பைக்குள்ள அமோனியா சேந்திருக்கும், திறந்ததும் பிஎச் ஏறி அந்த அமோனியா விசமாகும். பைத் தண்ணிய தொட்டியில ஊத்தாதீங்க.

கல்லு வேணும்னு திருகோணமலைப் பக்கம் போய்ப் பவளக் கல்லு பொறுக்கிக்கிட்டு வர்றவங்க இருக்காங்க, கடிதத்துலயும் ஒருத்தர் கேட்டிருக்கார். அது சட்டப்படி குற்றம், கடலுக்கும் நட்டம், அதுல ஒட்டியிருக்கிற கூடும் சேந்து வீட்டுக்கு வரும். கடல் தண்ணி மட்டும் எடுக்கிறதா இருந்தா ஆத்து முகத்துவாரத்தத் தள்ளி, மழை விட்டு ரெண்டு மூணு நாள் போன பிறகு எடுங்க.